ஆடி பிறக்குமுன் எழுதிய பரீட்சை

எங்கள் சனத்துக்குச் சராசரி என்ற ஒன்று கிடையாது. பிள்ளை என்றால் ஒன்றில் டொக்டர், இல்லையென்றால் "பாவம்". இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருப்பதாக நான் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் இத்தனை வருடத்தில் ஒருவர் சொல்லியும் கேட்டதில்லை. அதனால்தான் 2009ஆம் ஆண்டு கோடையில் என் தம்பியின் மகள் சராசரிக்கும் கீழே ஒரு மார்க் வாங்கிக்கொண்டு வந்தபோது, அதற்கு என்ன முகம் காட்டுவதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி பெற்றோல் செட் ஒன்றில் மேனேஜர். அவன், அவன் மனைவியான என் மச்சாள், எனக்கு மருமகள் முறையான அவர்களுடைய ஒரே மகள், நான். எனக்கும் மருமகளுக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்கள் வந்தால் குசினிக்குள் போய்விடுவேன், போன் அடித்தால் எடுக்கமாட்டேன். ஆனால் குசினிக் கதவு மெல்லிய பலகை. முன்னறையில் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும்.

மருமகளை ஐந்து வயதிலேயே டொக்டர் ஆக்கிவிட்டார்கள். பிறந்தநாள் கேக்கில் கூட ஐசிங்கில் ஒரு ஸ்டெதஸ்கோப். அவள் பாட்டுக்கு வளர்ந்து, பதினாறு வயதில் சனிக்கிழமைகளில் வயோதிபர் விடுதி ஒன்றுக்கு உதவிக்குப் போகத் தொடங்கினாள். மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தில் எழுதத்தான் போனாள், அதை மறைக்கவில்லை. ஆனால் எழுதத் தேவையான மாதங்கள் முடிந்த பிறகும் போனாள். அங்கே ஒரு கிழவர் தேத்தண்ணீரைக் கரண்டியால் பருக்கினால்தான் குடிப்பார் என்று என்னிடம் வந்து சொல்லுவாள். மச்சாள் இதை வெளியில் "பிள்ளை ஆஸ்பத்திரியிலை ட்ரெய்னிங் எடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தா. தாய் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, பிள்ளைக்கே அந்த வேலையில் ஆசை வந்துவிட்டது என்று நான் கண்டது அப்போதுதான்.

இங்கே மருத்துவம் படிக்கப் பள்ளிக்கூட மார்க் மட்டும் காணாது. அதற்கு முன் கம்பியூட்டரில் ஒரு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். கோடை முழுக்க நடக்கும். எந்த நாள், எத்தனை மணி என்று நாங்களே தெரிவு செய்யலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு தரம்தான். இந்த "நாங்களே தெரிவு செய்யலாம்" என்பதை எங்கள் சனத்திடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

மச்சாள் உடனே பஞ்சாங்கத்தை எடுத்தா. அது யாழ்ப்பாணப் பஞ்சாங்கம். அதிலுள்ள நேரத்தில் நாலரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும் என்றா. தம்பி, சூரியன் இங்கே எழும்புகிற நேரத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்றான். கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார்கள், அவர் லண்டனுக்கென்று வேறொரு பஞ்சாங்கம் வைத்திருந்தார். மூன்று நேரங்கள் வந்தன. தாயும் தகப்பனும் சுவாமி படத்துக்கு முன்னால் கல்குலேட்டரை வைத்துக்கொண்டு சண்டை பிடித்த பின்னேரம் அது.

"அம்மா, எனக்கு செப்ரெம்பர் தாங்கோ. சமர் முழுக்கப் படிச்சிட்டு எழுதுறன்" என்றாள் மருமகள்.

"செப்ரெம்பரிலை சனி மாறுது."

"அப்ப ஓகஸ்ட்?"

"ஆடி மாசத்திலை ஆராவது ஒண்டைத் தொடங்குவினமோ? உனக்கென்ன விசரோ?"

"அம்மா, ப்ளீஸ். நான் இன்னும் புத்தகம் கூடத் திறக்கேல்லை."

"நேரம் நல்லாயிருந்தால் புத்தகம் தன்ரைபாட்டிலை திறக்கும்."

கடைசியில் ஆடி பிறக்குமுன், ஒரு வியாழக்கிழமை நண்பகலில், மூன்று கணக்குக்கும் ஒத்துவந்த ஒரு சின்ன இடைவெளி அகப்பட்டது. ராகுகாலம் ஒன்றரைக்குத்தான். அந்த இடைவெளிக்குள் பிள்ளையைச் செருகினார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்து பிள்ளைக்கு இன்னும் தூக்கம் கூடத் தெளியவில்லை.

அந்தப் பரீட்சையில் உடம்பைப் பற்றியோ வருத்தம் வியாதியைப் பற்றியோ ஒன்றும் இல்லையாம். முக்கோணம், வட்டம், கறுப்புப் புள்ளி எல்லாம் போட்டு, இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்பார்களாம். அதைக் கேட்டபோது, இதற்குப் பிள்ளையை அனுப்பாமல் மச்சாளை அனுப்பியிருக்கலாம் என்று நினைத்தேன். முகத்தைக் கண்டவுடன் எந்த ஊர், எந்தப் பக்கம், ஆருடைய ஆள் என்று பிரித்துச் சொல்வதில் எங்கள் பெண்களை வெல்ல இந்த நாட்டில் ஒரு கம்பியூட்டர் இல்லை.

பரீட்சை மண்டபத்து வாசலில் பாஸ்போர்ட் பார்த்து, கைப்பையை லொக்கரில் வைக்கச் சொல்லி, பொக்கெற்றெல்லாம் வெளியே இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே காருக்குள் மச்சாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தாவாம். எழுதி முடித்தவுடனேயே மார்க்கை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளோடு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "சராசரிக்குக் கீழை எண்டால் என்ன கருத்து?"

"நடுவுக்குக் கீழை, அப்பா."

"எழுதின எல்லாரிலுமோ?"

"ஓம் அப்பா."

"அந்த வெள்ளைக்காரி பொக்கெற்றைத் தடவித் தடவி நேரத்தைக் கடத்திப்போட்டாள்" என்றா மச்சாள். "இல்லாட்டி ராகுகாலம் தொட்டிருக்காது."

மருமகள் மேலே வந்து கட்டிலில் இருந்தாள். "மாமி, இந்த வருசம் இனி எழுத ஏலாது" என்றாள். அழவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். நான் நிலத்தில் குந்தினேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

மச்சாள் இந்த மார்க்கை ஒருவருக்கும் சொல்லவில்லை, கனடாவிலிருக்கும் தன் தமக்கை ஒருத்தியைத் தவிர. கனடாவுக்குப் போன கதை கோலியர்ஸ் வுட்டுக்குத் திரும்பி வர ஒரு பகல் போதும். அடுத்த நாள் பின்னேரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாழைப்பழச் சீப்பு, திராட்சைப்பழம், ஒருவர் ஹோர்லிக்ஸ் கூட. முன்னறையில் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு இருந்தார்கள். பின்தெருவில் இருக்கும் ஒரு மனிசிதான் அதில் தலைவி. அவவுடைய மகனும் அந்த வருடம்தான் எழுதுகிறான். பிறகு நல்ல மார்க்கும் எடுத்தான்.

"என்ன செய்யிறது, எல்லாருக்கும் எல்லாம் அமையுமோ?" என்றா அந்த மனிசி. "பார்மசியும் வெள்ளைக் கோட்டுத்தானே போடுறது."

"மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் படிக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"பல்கேரியாவிலை காசைக் கட்டினால் எடுக்கிறாங்களாம். குளிர்தான் கொஞ்சம்."

"பிள்ளை சாப்பிடுறாளோ?"

பிள்ளை அந்நேரம் மேலே குளியலறையில் சத்தமாக ஏதோ இங்கிலிஷ் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் அப்படிச் சிலருக்கு வருமாம். அந்த மனிசி சொன்னது எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டது. தேத்தண்ணீருக்குச் சீனி போடாமல் கொடுத்தனுப்பினேன். செத்தவீடு என்றால் செத்தவீடு மாதிரியே இருக்கட்டும் என்றுதான்.

இலை உதிர்கிற காலத்தில் விண்ணப்பம் போட வேண்டி வந்தது. மருத்துவத்துக்கு நாலு யூனிவர்சிட்டிகளில் இடம் கேட்கலாம். தம்பி மேசைக்கு முன்னால் குந்தி, நாலும் லண்டனுக்குள்ளே என்று சொன்னான்.

"அப்பா, இவையள் முதல்லை அந்த மார்க்கைத்தான் பாப்பினம். பாத்திட்டு என்னைத் தூக்கி எறிஞ்சிடுவினம்" என்றாள் மருமகள். "இங்கிலாந்தின்ரை வடக்கிலை ஒரு இடம் இருக்கு. அவையள் ஸ்கூல் மார்க்கையும் நாங்கள் எழுதினதையும்தான் கூடப் பாக்கினம். நான் தேடிப் பாத்திட்டன்."

"வடக்கிலை எங்கடை சனமே இல்லை."

"அதாலைதான் எனக்கு இடம் கிடைக்குமோ தெரியாது."

"வாய் காட்டாதை. ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய..."

நான் வாசலில் வெங்காயத்தட்டோடு நின்றேன். அந்த வீட்டில் என்னிடம் கேட்காத கதைக்குள் நான் தலை நீட்டுகிறவள் இல்லை. ஆனால் வாய் வந்துவிட்டது. "தம்பி, நீ பத்தொன்பது வயசிலை ஜேர்மனிக்குப் போய் இறங்கேக்கை, அங்கை எங்கடை சனம் எத்தினை பேர் உன்னைக் கூப்பிட வந்து நிண்டவை?"

"அக்கா, அது வேறை."

"என்ன வேறை?"

வெங்காயத்தட்டோடு நான் திரும்பிப் போய்விட்டேன். கடைசியில் தகப்பனுக்கு மூன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்தார்கள்.

தகப்பனுடைய மூன்றும் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லிவிட்டன. ஒவ்வொரு மறுப்பு வரும்போதும் தம்பி, "அடுத்தது பாப்பம்" என்பான். மூன்றாவதோடு அந்தச் சொல்லும் நின்றது. பிள்ளையுடைய ஒன்று நேர்முகத்துக்கு வரச் சொன்னது. மச்சாள் திகதியைப் பார்த்தா, பஞ்சாங்கத்தைப் பார்த்தா, நெஞ்சில் கை வைத்தா. சரியாக ராகுகாலம்.

"போன் பண்ணி ஒரு மணித்தியாலம் தள்ளிக் கேட்டால் என்ன?"

"யூனிவர்சிட்டிக்கோ? அம்மா, நீங்கள் மட்டும் போன் எடுத்தால் நான் வீட்டை விட்டே போயிடுவன்!"

தகப்பனோடு ரெயினில் போய் வந்தாள். என்ன நடந்ததென்று வீட்டில் கேட்டவர்களுக்கு "ஓகே" என்ற ஒரு சொல்தான் கிடைத்தது. அடுத்த கிழமை ரூட்டிங் சந்தைக்கு மீன் வாங்க அவளும் நானும் பஸ்ஸின் மேல்தட்டில் போகும்போது எனக்கு முழுவதையும் சொன்னாள். மூன்று பேர் இருந்தார்களாம். ஒரு வயதான டொக்டர் மனிசி, உன்னுடைய பரீட்சை மார்க் குறைவாக இருக்கிறதே, அதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டாவாம்.

"என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னன், மாமி. நான் படிக்காமல் போனன், நாளைக் கிரகங்கள் பாத்துத் தெரிவு செய்தவை எண்டு."

"ஐயோ! அவையள் என்ன சொன்னவை?"

"அந்த டொக்டர் சிரிச்சவ. பிறகு, வருத்தக்காரர் இப்பிடி நாள் பாத்து ஒப்பரேசனைத் தள்ளிப்போடக் கேட்டால் நீ என்ன செய்வாய் எண்டு கேட்டவ."

"அதுக்கு?"

"தள்ளக்கூடிய ஒப்பரேசன் எண்டால் தள்ளலாம், தள்ள ஏலாதெண்டால் அம்மாவோடை கதைக்கிற மாதிரிக் கதைப்பன் எண்டன். எனக்கு அதிலை பதினேழு வருச அனுபவம் இருக்கு எண்டும் சொன்னன்."

மேல்தட்டில் நான் சிரித்த சிரிப்புக்கு முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

பங்குனியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில் இத்தனை வரவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. அந்தக் கோடையில் ஒருவரும் நாள் பார்க்காத நாட்களில் பிள்ளை படித்தாள். கேட்டது வந்தது. புரட்டாதியில் இரண்டு சூட்கேசோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் வடக்கே போனாள். பக்கத்துக் கட்டில் வெறுமையானது.

பழம் கொண்டுவந்தவர்கள் இப்போது கேக் கொண்டுவந்தார்கள். முன்னறை நிறைந்தது. மச்சாள் நடுவில் இருந்து கதை சொன்னா. மார்க் குறைவு என்பதை இப்போது மறைக்கவில்லை, அதைத்தான் முதலில் சொன்னா.

"சராசரிக்கும் கீழை! அதோடை ஆராவது எடுப்பினமோ? எல்லாம் அந்த நேரம். ஆடி பிறக்க முந்தி, வியாழக்கிழமை, மூண்டு பஞ்சாங்கமும் ஒத்து வந்த நேரம்."

"ராகுகாலம் தொட்டதெண்டு சொன்னனீங்கள்?" என்று ஒரு குரல் கேட்டது.

"தொடங்கினது நல்ல நேரத்திலைதானே!"

பின்தெரு மனிசியின் மகனுக்கு லண்டனுக்குள்ளேயே இடம் கிடைத்திருந்தது, நல்ல மார்க்கோடு. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நல்ல மார்க் எடுத்தவனுக்கு இடம் கிடைப்பதில் என்ன புதுமை? அவவே அதை மறந்து, "உந்த மார்க்குக்கே கிடைச்சுதெண்டால், நேரம் எவ்வளவு நல்ல நேரமாய் இருந்திருக்கவேணும்!" என்று வாயைப் பிளந்தா. இந்தக் கணக்கை நான் குசினிக்குள் நின்று பல தடவை போட்டுப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் அதெல்லாம் சொல்லித் தருவதில்லை.

மருமகள் போய் ஒரு வருடமாகப் போகிற நேரம், ஒரு காலை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். போன் அடித்தது. விட்டேன். திரும்ப அடித்தது. மூன்றாந்தரமும் அடிக்க, பிள்ளைக்குத்தான் அங்கே ஏதோ என்று பயந்து எடுத்தேன். பின்தெரு மனிசி.

"மச்சாள் நிக்கிறாவோ?"

"இல்லை. வேலைக்கு."

"அப்ப நீங்களெண்டாலும் ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோவன், அக்கா. சின்னவள் இந்த முறை அந்தச் சோதினை எழுதவேணும். ஆடிக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை பாத்து வைப்பம் எண்டு இருக்கிறன். பிள்ளை அழுது குளறுது, இன்னும் ஒண்டும் படிக்கேல்லையாம். அதுகளுக்கென்ன தெரியும்?"

வைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். சப்பாத்தோடு கட்டிலில் இருந்த பிள்ளை கண்ணுக்குள் வந்தாள்.

"பிள்ளையின்ரை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன்.

சொன்னா. போனுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் இல்லை, கடைக்காரர் கதவுக்குள் போட்டுவிட்டுப் போன மலிவு விற்பனைத் தாள்தான் கிடந்தது. அவவுக்குக் கேட்கும்படி அதைச் சரசரவென்று புரட்டினேன். கோழிக்கால், சோடா, துணி தோய்க்கும் தூள்.

"இந்த நட்சத்திரத்துக்கு ஆனி, ஆடி, ஆவணி மூண்டும் சரியில்லை. புரட்டாதி பிறந்தாப் பிறகுதான் வடிவாய்க் கிடக்கு."

"புரட்டாதியிலை நல்ல காரியம் செய்யிறேல்லையே?"

"அது கலியாணத்துக்கு. சோதினைக்கு இல்லை."

எனக்கே என் குரல் ஐயருடைய குரல் மாதிரிக் கேட்டது.

"அப்ப அது வரைக்கும் பிள்ளை சும்மா இருக்கிறதோ?"

"சும்மா ஏன் இருக்கவேணும்? படிக்கட்டும்."

பிடிபட்டுப் போனேன் என்று நினைத்தேன். பிறகு கேட்டா:

"படிக்கத் தொடங்கிறதுக்கும் ஒரு நேரம் பாத்துச் சொல்லுங்கோவன், அக்கா."

தாளை இன்னொரு தரம் புரட்டினேன்.

"இண்டைக்குப் பின்னேரம் நாலு மணி" என்றேன். "பிந்தவிடாதேங்கோ."