ஏறமாட்டேன்றேன், தம்பி

என் டூல் பாக்ஸில் இருக்கிற சாமான் எல்லாமே கறுப்பு. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், துடைக்கிற துணி, அதை எடுக்கிற என் கை உட்பட. அதற்குள் நீலக் கைப்பிடி போட்ட ஒரு டூத் பிரஷ் மட்டும் முடி கறுக்காமல் வெள்ளையாகவே கிடக்கிறது. இரண்டு வருஷமாக அதைத் தொட்டு நான் வேலை செய்ததில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. எனக்காக அண்ணி எடுத்து வைத்த பிரஷ் அது. அண்ணி இப்போது இல்லை. கடைசியாக என்னிடம் ஒரு விஷயம் சொன்னது. நான் அதை வேறு விஷயமாகக் கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணியை "வந்துச்சு, போச்சு, சொல்லிச்சு" என்றுதான் பேசுவோம். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. "அவர்" என்று போட்டால் யாரோ ஆபீசரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது, அதனால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீடுகளை எடுத்துவிட்டு, பெருங்குடியெல்லாம் தாண்டி எங்கேயோ அடுக்குமாடியில் நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். வீடுதான் அங்கே, பொழைப்பு இங்கேயே மயிலாப்பூரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் இருந்தது. பாத்திரம் தேய்க்கிற பெண்கள் விடிந்ததும் வேலை செய்கிற வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர்களை ஏற்றி வர அண்ணன் ஒரு பழைய டீசல் வேனை வாங்கினான். சர்க்கரையில் அவன் கண் மங்கியதும் அண்ணி லைசென்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தது. நான் மந்தைவெளியில் ஒரு சின்ன ஷெட் வைத்திருந்தேன், இப்போதும் அதேதான். வேனுக்கு எது வந்தாலும் என்னிடம்தான் வரும்.

வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு வந்ததைத் தனக்கு வந்ததாகச் சொல்வார்கள். "நான் பஞ்சர்" என்பார்கள், "எனக்கு பிரேக் புடிக்கல" என்பார்கள். அண்ணி இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். "தம்பி, அடையாறு சிக்னல்ல நின்னுட்டேன், கறுப்பு கறுப்பா தள்றேன், ஓடியா" என்று போன் வரும். "புகை உனக்கா அண்ணி, வண்டிக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா, கிண்டல் பண்ணாம ஸ்பேனர எடுத்துக்கினு வா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வரும். இந்தக் கேலி எங்களுக்குச் சலித்ததே இல்லை.

அந்த வேனுக்கு வந்த வியாதி பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ஈஜிஆர் வால்வு. இன்ஜின் வெளியே விடுகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்புகிற வால்வு அது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் கரி படிந்து, திறந்த வால்வு மூடாமல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நல்ல காற்றுக்குப் பதில் தன் புகையையே குடித்துக்கொண்டு வண்டி திணறும், பாலம் ஏறாது, பாதியில் நின்றுவிடும். சில பேர் தகரத்தை வெட்டிவைத்து வால்வை அடைத்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். கழற்றி, ஸ்ப்ரே அடித்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, விரலால் அமுக்கிப் பார்ப்பேன். உள்ளே போய் 'டக்'கென்று திரும்பி வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பிரஷ் மட்டும் அண்ணி கொண்டுவரும். பல் தேய்த்துத் தேய்ந்ததை நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, "இந்தா, உன் வால்வுக்குப் பல்லு வெளக்கு" என்று நீட்டும்.

போனிலேயே வியாதி சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அந்தப் புதன்கிழமை மத்தியானம் அண்ணி கூப்பிட்டபோது பக்கத்தில் ஒரு கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நான் ஏறமாட்டேன்றேன். பாதியிலயே நின்னுட்றேன். அடச்சிக்கினு கீது" என்றது. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கஸ்டமர் காதில் விழட்டும் என்று சத்தமாக, "அதே வால்வுதான் அண்ணி. சனிக்கிழமை கொண்டா, கழுவிவுட்டா சும்மா பிச்சிக்கினு போவ" என்றேன். அண்ணி சிரித்தது. "கழுவுனா சரியாப் பூடுமா?" என்று கேட்டது. "பூடும் அண்ணி." "சரி தம்பி, சனிக்கிழமையே பாத்துக்கலாம்." வால்வைக் கழுவி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை.

ஒரு வாரமாக நின்றுபோயிருந்த லிப்ட் வெள்ளிக்கிழமையும் ஓடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஏறிய அண்ணி மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சாவு வீட்டில் வேனில் வருகிற ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. "ஒரு வாரமா படியேற முடியல தம்பி, பாதியிலயே குந்திக்கும்" என்றது. அந்தப் 'பாதியிலயே' என் காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் விழவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் கீழே இறங்கிப் போய் வேனைத் திறந்தேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் இந்த நீல பிரஷ் இருந்தது, சனிக்கிழமைக்காக. வால்வைக் கழற்ற உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வால்வு அடைத்திருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே கழற்றினேன். அடைத்திருந்தால் அண்ணி வண்டியைத்தான் சொல்லியிருக்கிறது. அடைத்திருந்தால் நான் சொன்னது சரி. கழற்றி விரலால் அமுக்கினேன். உள்ளே போய் 'டக்'கென்று திரும்பி வந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் வந்தது. எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. அந்த வேன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"வண்டி இல்லடா, நான்" என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? தன்னைப் பற்றிப் பேச வெட்கமா, அவசரமில்லை என்று நினைத்ததா, தெரியாது. வண்டியை 'நான்', 'நான்' என்று சொல்லியே பழகிய மனுஷிக்கு, தன்னைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லையோ என்னவோ. ஆனால் நான் கேட்டிருக்கலாம். விளையாட்டுக்கு நூறு தடவை கேட்டவன் வேண்டிய நேரத்தில் கேட்கவில்லையே, என்ன சொல்லி என்ன?

போன வாரம் ஒரு டிரைவர் கூப்பிட்டான். "அண்ணே, நான் ஏறமாட்டேன்றேன்."

"நீயா, வண்டியா?"

"இன்னாண்ணே, காமெடியா?"

"சிரிக்காம சொல்லுடா. நீயா, வண்டியா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "வண்டிதாண்ணே" என்றான். "அப்ப கொண்டா" என்று சொல்லிவிட்டு டூல் பாக்ஸைத் திறந்தேன். நீலக் கைப்பிடியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கறுத்த பிரஷை எடுத்துக்கொண்டேன்.