தும்மல்காரன் வீட்டு அறிவித்தல்

திருகோணமலைத் துறைமுகத் தெருக்களில் யாராவது கண்ணை மூடினால் இராஜநாயகத்தின் ஓட்டோதான் முதலில் வரும். கூரையில் ஒலிபெருக்கி, கையில் மைக். மாதாகோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீடோ சைவக்காரர் வீடோ, செத்தவரின் பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொல்வார். பெயர் விளங்காவிட்டால் அது என்ன மரண அறிவித்தல் என்பார்.

கொரோனாக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் அவரிடம் வேறு அறிவித்தல் கொடுத்தார். "காய்ச்சல், தடிமன் உள்ளவர்கள் வெளியே வர வேண்டாம்" என்று சொல்லி முடிக்கவும் தூசி மூக்கில் ஏறி, மைக்கிலேயே ஒரு தும்மல் போட்டார். போன்கடை டினேஷ் அதைப் படம்பிடித்து, மேளம் சேர்த்து, முகநூலில் போட்டுவிட்டான். தோப்பூர், தம்பலகாமம் வரைக்கும் போய்விட்டது. அவருடைய முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கரானது. சனம் மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் இந்த ஊருக்கு வந்த இளிப்பைப் பாருங்கள்! முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார் என்பதுதான் இன்னும் கேவலம்.

பிறகு அவருடைய மனைவி கிறிஸ்டினுக்குக் காய்ச்சல் பிடித்தது.

"வாரும், ஆஸ்பத்திரியிலை காட்டுவம்."

"எனக்கு ஏலாது. தும்மல்காரன்ர பெண்சாதிக்கும் வந்திட்டுதாம் எண்டு போனைத் தூக்கிக்கொண்டு நிப்பாங்கள். என்ர மூஞ்சையையும் ஸ்டிக்கர் ஆக்கவோ?"

அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. வற்புறுத்தவில்லை. மல்லித்தண்ணியும் பனடோலுமாக நாட்கள் போயின. மூச்சு முட்டிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார். பிந்திவிட்டது.

பெட்டி வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடலைக்குப் போனது. அவரையோ தனிமைப்படுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மாதாகோயிலில் பூசையில்லை, செத்தவீடில்லை. அவளுக்கென்று செய்யக்கூடியதாக மிஞ்சியது ஓர் அறிவித்தல் மட்டும்தான். வெளியே போகலாம் என்று சொன்ன அன்றே, அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மைக்கை எடுத்தார்.

ஓட்டோச் சத்தம் கேட்டதும் யன்னல்களில் போன்கள் முளைத்தன. தும்முவார் என்று காத்திருந்தார்கள். சீ, மனிதர்களா இவர்கள்! "இராஜநாயகத்தின் அன்பு மனைவி கிறிஸ்டின்..." என்றவரிடமிருந்து ஒரு கேவல் மைக்கில் விழுந்தது. மதிலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முதலிலிருந்து தொடங்கி, பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்.

பின்னேரம் கோயில்பங்கு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. அதே மேளம். தும்மல் இருந்த இடத்தில் கேவல். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவற்றுக்கு நடுவில், "ஆழ்ந்த அனுதாபங்கள் அண்ணை" என்று டினேஷ்.

இராஜநாயகம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கேவல் இருந்தது. கிறிஸ்டினின் பெயரை வெட்டியிருந்தார்கள்.