கல் வளரும் மலை

ஏழாம் நம்பர் மலையில் கல் வளரும் என்பது கலஹாப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்து வழக்கில் மலை என்றால் தேயிலைக் காட்டில் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. மற்ற மலைகளில் தேயிலை மட்டும் வளர்ந்தது. ஏழாம் நம்பரில் கல்லும் சேர்ந்து வளர்ந்தது. ஒரு வருசம் தலையை மட்டும் காட்டிய கல், சில வருசம் போனால் இடுப்பு வரைக்கும் வெளியே வந்து நிற்கும். பூமிக்கடியில் ஏதோ தள்ளுகிறது என்றார்கள் சிலர். அந்த மண்ணின் ராசி அப்படி என்றார்கள் மற்றவர்கள். பற்றிக் இந்த விவாதத்தில் தலையைக் கொடுப்பதில்லை. கல் வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகட்டும், புல் வளராமல் இருந்தால் சரி என்பது அவருடைய கட்சி.

ஏனென்றால் அந்த மலையில் புல் எடுத்தது பற்றிக்தான். வாலிப வயதில் சுரண்டியைக் கையில் எடுத்தவர், நரை விழும் வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை. சுரண்டி என்பது மண்ணை ஒட்டிப் புல்லைச் செதுக்கி எடுக்கும் கருவி. மற்றவர்கள் புல்லின் தலையைக் கிள்ளிவிட்டுப் பெயர் பதிந்துகொண்டு போவார்கள். பற்றிக் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வேரைப் பிடுங்கி, மண்ணை உதறி, நிலத்தை வழித்துத் துடைத்து வைத்துவிட்டுத்தான் நிமிர்வார். அவர் போன பின்னால் தேயிலைத் தூருக்கடியில் ஒரு பச்சை இலை கூடக் கிடக்காது. ஒரு கிறிஸ்மஸுக்கு முன்னால், காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் வைத்து, தோட்டத்தை நடத்துகிற துரை தன் கையாலேயே அவருக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தார். "பற்றிக் புல்லு எடுத்த மலையில பாய் இல்லாமப் படுக்கலாம்" என்று துரை தமிழில் சொன்னதாகக் கதை. அந்த பிளாஸ்க் இப்போது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் யாரும் தேத்தண்ணி ஊற்றியதில்லை.

பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது, புல்லுக்கு மருந்து அடிக்கிற மெஷின் வந்தது, ஏழாம் நம்பரைத் தோட்டமே கைவிட்டது. பற்றிக் வேலையை விட்டு விலகி, இத்தனை வருசச் சேவைக்குக் கிடைத்த காசில் எதிர்ச் சரிவில் ஒரு வீடு கட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அந்த மேட்டில்தான் முப்பது வருசக் குடும்பச் சண்டை குடியிருந்தது. மனைவி கத்தரீனா அங்கே கினிப்புல்லும் மானாப்புல்லும் பூசணிக் கொடியுமாகக் காடு வளர்த்து வைத்திருந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்திலேயே அவளுக்கு இந்தப் பழக்கம். கேட்டால் ஆட்டுக்கு என்பாள்.

"ஊரு மலையெல்லாம் வழிச்சு வச்ச மனுசன் வீட்டுப் பின்னால இப்படிக் காடு கெடந்தா நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்பார் பற்றிக்.

"நாலு பேரா எங்க ஆட்டுக்குப் புல்லு கொண்டாந்து போடுறான்? புல்லு இல்லாட்டி ஆடு என்னத்தத் திங்கும், ஒங்க பிளாஸ்க்கையா?" என்பாள் கத்தரீனா.

அந்த மேட்டுக்கு மேலே கிடந்த காணியை மடவளையில் புடவைக் கடை வைத்திருக்கும் பளீல் ஹாஜியார் வாங்கினார். ஓய்வுக்கு ஒரு வீடு கட்டப் போகிறார் என்றார்கள். மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் வந்து மலையின் வயிற்றைக் கிழித்து ஒரு தட்டையான இடம் எடுத்தது. பற்றிக் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் செக்கச்செவேலென்று மண் சுவர். அதைப் பார்த்த நாளிலிருந்து கத்தரீனாவுக்கு நெஞ்சில் தண்ணி இல்லை. போன வருசப் பெருமழையில் எத்தனை வீடு மண்ணுக்குள் போனது என்று எல்லாரும் பார்த்தவர்கள்தானே. பின்னறையில்தான் மகள் தினுஷா படுக்கிறாள். அந்த மண் இறங்கினால் முதலில் இறங்குவது அவள் கட்டிலில்.

அதனால்தான் பளீல் ஹாஜியார் காவலுக்கு ஆள் கேட்டதும் பற்றிக் முந்திக்கொண்டு போனார். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் தலைக்கு மேலே இருக்கிற மண்ணைத் தானே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹாஜியாரின் தங்கை மகள் ஆஸிகா இஞ்சினியர். கட்டட வேலை அவள் பொறுப்பு. பிலிமத்தலாவையிலிருந்து ஆட்கள் வந்து, வெட்டிய சரிவில் தவிடு மாதிரி எதையோ தூவி, மேலே தேங்காய்த் தும்புக் கயிற்று வலையை விரித்து ஆப்பு அடித்துவிட்டுப் போனார்கள். இது பற்றிக் சேருவதற்கு முன்னால். தவிடு உரமாக இருக்கும், வலை மண்ணைக் கட்டி வைக்க இருக்கும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

"பற்றிக் அண்ணே, காலையிலயும் பின்னேரமும் தண்ணி அடிங்க. நான் ஒரு கெழம கொழும்புல. வரும்வரைக்கும் சரிவ நல்லா வச்சிக்கோங்க" என்றாள் ஆஸிகா.

வெறும் மண்ணுக்கு எதற்குத் தண்ணி? கேட்கலாம். ஆனால் பெரிய இடத்தில் ஏன், எதற்கு என்று கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். நாலைந்து நாளில் வலைக் கண்களுக்குள்ளே பச்சை எட்டிப் பார்த்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். புல்! அதிலும் ஒரு சாதி இரண்டு சாதி இல்லை. வாழ்நாள் முழுக்க அவர் எதிர்த்து நின்ற கூட்டம் அத்தனையும் அவர் ஊற்றிய தண்ணியைக் குடித்துவிட்டு அவரையே பார்த்துச் சிரித்தது. இஞ்சினியர் மிஸ் வந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? அதற்குள்ளே ஹாஜியார் வேறு, கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காணி காட்ட வருவதாகச் சொல்லிவிட்டார்.

பற்றிக் வீட்டுக்குப் போய்ச் சுரண்டியைத் தேடி எடுத்தார். துருவைத் தேய்த்தார். வலை குறுக்கே நின்றது, ஆப்புகளைக் கழற்றி அதைச் சுருட்டினார். பிறகு மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, அந்தக் காலத்து மாதிரியே வழித்தார். முதுகு கெஞ்சியது. ஆனாலும் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன்? ஏழாம் நம்பரை விட்ட பின்னால் அவர் கை இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

ஞாயிறு வந்த பளீல் ஹாஜியார் சரிவைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "மாஷா அல்லாஹ்! பாருங்கோ, கண்ணாடி மாதிரி ஈக்கி. பற்றிக், இந்த மண்ணுல சோறு போட்டுத் திங்கலாம் போல."

"எல்லாம் ஒங்க புண்ணியம் மொதலாளி" என்றார் பற்றிக். உச்சி குளிர்ந்து போயிற்று. இதே கையோடு வீட்டுப் பின்மேட்டையும் வழித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். வருகிற சனிக்கிழமை தினுஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கத்தரீனா என்ன கத்தினாலும் சரி, வியாழக்கிழமை அந்தக் காட்டுக்குக் கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸிகா வந்தாள். காரை விட்டு இறங்கியவள் கதவைச் சாத்த மறந்து அப்படியே நின்றாள்.

"அண்ணே, இங்க ஈந்த புல்லெல்லாம் எங்க போன? ஆரு செஞ்ச இத?"

இந்தக் கேள்விக்காகத்தானே பற்றிக் காத்திருந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் மிஸ்! ஒத்த ஆளா. ஒரு வேரு கூட மிச்சமில்ல, தேடிப் பாருங்க."

"வலை?"

"பத்திரமா இருக்குங்க. கழுவிக் காயவச்சு, சீமெந்து ரூமுக்குள்ள சுருட்டி வச்சிருக்கேன்."

ஆஸிகா மணல் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பற்றிக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது நாங்க வெதச்ச புல்லு, அண்ணே."

"புல்லையா? காசு குடுத்தா?"

"மழ பேஞ்சா இந்த மண்ண என்ன புடிச்சிக்கொண்டு ஈக்கும்னு நெனச்ச நீங்க?"

பற்றிக் சரிவை ஏற இறங்கப் பார்த்தார். "மண்ணு மண்ணத்தானே மிஸ் புடிச்சிருக்கும்" என்றார். தான் சொன்னது சரியா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஆஸிகா தொலைபேசியில் மாமாவைக் கூப்பிட்டாள். ஹாஜியாரின் குரல் வெளியே கேட்டது. "நான் பார்த்தேனே புள்ள, சோக்கா ஈந்திச்சே!" முதலாளி சோக்கு என்கிறார், இஞ்சினியர் தலையில் கை வைக்கிறார், துரை பிளாஸ்க் கொடுத்தார். யார் சொல்வதை எடுப்பது? நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று தெரியாமல் மனிதர் முழித்துக்கொண்டு நின்றார்.

மழை யாருக்கும் காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே ஹந்தானைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆஸிகாவும் பற்றிக்குமாகச் சரிவின் தலையில் கான் வெட்டித் தண்ணியைப் பக்கத்துக்குத் திருப்பினார்கள், பிளாஸ்டிக் தறப்பாள் போர்த்தினார்கள், மூட்டை அடுக்கினார்கள். நட்ட நடுவில் மழை பிடித்துக்கொண்டது; வலையை மறுபடி விரிக்க நேரமில்லை. சரிவிலிருந்து சிவப்புத் தண்ணி நூல் நூலாக இறங்கியது, பிறகு கயிறு கயிறாக இறங்கியது.

"இன்னக்கி வீட்டுல ஆரும் படுக்க வாணாம் அண்ணே. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்க" என்றாள் ஆஸிகா.

மாதா கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்தது. கத்தரீனா ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பங்குச் சுவாமி ஆட்டைப் பார்த்தார், கத்தரீனாவின் முகத்தைப் பார்த்தார், கதவை அகலத் திறந்துவிட்டார். "மண்ண நான் பாத்துக்கறேன்னு சொல்லித்தானே அந்த வேலைக்குப் போனீங்க?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். பற்றிக் ஆட்டை இழுத்துப் போய்த் தூணில் கட்டினார். ஊருக்கெல்லாம் தன் திறமையைக் காட்டப் போய்த் தன் பிள்ளையின் தலையிலேயே மண்ணைக் கொட்டிவிட்டோமா என்று மனம் அடித்துக்கொண்டது.

விடிந்து, மழை விட்ட பிறகு மூன்று பேருமாக வந்து பார்த்தார்கள். மேலே சரிவில் பாதி இல்லை. தறப்பாள் கிழிந்து கொய்யா மரத்தில் தொங்கியது. பற்றிக் கண்ணை மூடிக்கொண்டுதான் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

பின்னறை நின்றது. சுவரில் சேறு தெறித்திருந்தது, அவ்வளவுதான். இறங்கி வந்த மண் எல்லாம் கத்தரீனாவின் காட்டுக்குள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. கினிப்புல் படுத்துப் போயிருந்தது, ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. சேற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு வியாழக்கிழமை என்று பற்றிக்குத் திடீரென்று நினைவு வந்தது. நனைந்த படியில் உட்கார்ந்துவிட்டார். தினுஷா உள்ளே போய்த் தன் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஆட்டுக்குத்தான் வச்சேன்" என்றாள் கத்தரீனா. அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பெண் பார்க்க வருவதைத் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் ஆஸிகா வலையையும் புதிய ஆப்புகளையும் கொண்டு வந்தாள். விதை முளைக்கும் வரைக்கும் காத்திருக்க முடியாது, வேரோடு புல் வேண்டும் என்றாள். வேரோடு புல் இருந்த இடம் ஒன்றுதான். கத்தரீனா ஆட்டுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு, பிடி பிடியாகப் பெயர்த்துக் கூடையில் சுமந்து வந்தாள். பற்றிக் சரிவில் குழி போட்டு நட்டார். புல்லை நடுகிற கை! ஒரு பிடியை நட்டுவிட்டுப் பக்கத்தில் தானாக முளைத்திருந்ததைப் பிடுங்கப் போய், பிறகு திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். இப்படி எத்தனையோ தடவை.

சரிவின் நடுவில் ஒரு கல் அவரை மறித்தது. இடுப்பளவு உயரம். பற்றிக் அதைச் சுற்றி வந்தார். இந்தக் கல் அவருக்குத் தெரிந்த கல்தான். புல் வழித்த அன்றைக்கு இதன் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது; அதன்மேல் வெற்றிலைப் பையைக் கூட வைத்திருந்தார். ஒரே மழையில் இவ்வளவு உயரமா? கல்லைத் தொட்டார். மேலே வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. கீழே இன்னும் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. மண் நின்ற உயரத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

அவர் மெதுவாகத் திரும்பி எதிரே பார்த்தார். அங்கே ஏழாம் நம்பர் மலை. கைவிட்ட தேயிலைத் தூர்கள் வேர் தெரிய, நுனிக்காலில் நிற்கிற மாதிரி நின்றன. அவற்றுக்கிடையே, அவர் பெயரைச் சொன்ன அந்த மலை முழுக்க, கல். ஆள் உயரத்துக்குக் கல்.

கூடையை இறக்கிய கத்தரீனா கேட்டாள். "என்னங்க அங்க பாக்குறீங்க?"

"ஏழாம் நம்பர்ல கல்லு வளருதுன்னு சொல்லுவோம்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அது வளரல, கத்தரீனா."

அவளும் பார்த்தாள். கொழுந்துக் கூடையோடு அவள் ஏறி இறங்கிய மலைதான். பக்கத்தில் நின்ற கல்லையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப அங்க இருந்த மண்ணெல்லாம்? யாருங்க கொண்டு போனா?"

"நான்தான்" என்றார் பற்றிக். "ஒத்த ஆளா."

கத்தரீனா கூடையிலிருந்து ஒரு பிடி புல்லை எடுத்து, வேரில் இருந்த மண் உதிராமல், அவர் கையில் கொடுத்தாள்.