இறங்கியதற்கும் ஓடியதற்கும் நடுவே

மதுரையில் டவுன் பஸ் டிரைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அண்ணே என்பார்கள். என் அப்பா வயசுள்ளவரும் அண்ணே என்பார், நேற்று மீசை முளைத்தவனும் அண்ணே என்பான். "அண்ணே, எறங்கணும்ணே." "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே." ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது காதில் விழும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தலைக்குள் சூடேறுகிற காலம் ஒன்று வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் பிரியப்படவில்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு சாயங்காலம் வண்டி சிக்னலில் நின்றது. ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன். சாப்பாட்டுப் பையோடு ஓடிவந்த ஒரு ஆள் என் ஜன்னலுக்குக் கீழே நின்று, தகரத்தைத் தட்டி, "அண்ணே... அண்ணே..." என்றார். அவ்வளவுதான் செய்தார். நான் வண்டியை அணைக்காமல் கீழே குதித்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். கண்டக்டர் வந்து என் கையைப் பிரித்தபோது அந்த மனிதரின் சட்டைப் பொத்தான் என் உள்ளங்கையில் இருந்தது. தெற்கேயும் வடக்கேயும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான்கைந்து பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் மட்டும் திரும்பத் திரும்ப, "நான் ஒன்னும் தப்பாச் சொல்லலையேண்ணே" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் டெப்போ மேலாளர் தங்கமான மனிதர். மெமோ கொடுத்து வீட்டில் உட்கார வைத்திருக்கலாம். "உமக்கு ஒடம்புல கோளாறு இல்ல, மனசுலதான். போய்ப் பாரும்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு, "மாத்திரை பாதிதான், மீதியை அங்க பேசுங்க" என்று மாடியில் ஓர் அறைக்கு அனுப்பினார். அங்கே மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தார். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். முதல் நாளே, "என்னைய அண்ணேன்னு மட்டும் கூப்பிட்டுறாதீங்க மேடம்" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி வரைக்கும் சார் என்றே கூப்பிட்டார்.

இரண்டாவது வாரம் தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போட்டார். பக்கத்தில் ஒரு டப்பாவில் காகிதப் பூக்கள், இன்னொன்றில் கூழாங்கற்கள். கயிறுதான் என் ஆயுசாம். நல்லது நடந்த இடத்தில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடத்தில் கல். இதற்கா படித்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. பல்லாங்குழி ஆடக் கூப்பிட்டது மாதிரி குனிந்து உட்கார்ந்தேன். வேலை கிடைத்த நாளுக்கு ஒரு பூ வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் இறங்காமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். கல்யாணத்துக்கு ஒரு பூ. பிறகு ஒரு கல்லை எடுத்தேன். கயிற்றில் வைக்க முடியவில்லை. அதைக் கையில் மூடிக்கொண்டு, நேரம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கல் எட்டு வருஷத்துக்கு முந்தியது. அழகர்கோவில் ரோட்டில், மத்தியான நடையில், ஆள் ஏறாத காலி வண்டியோடு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு மொபெட். புருஷன் ஓட்ட, பொண்டாட்டி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். கோவிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று அவள் மடியில் இருந்த அர்ச்சனைக் கூடையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் விலகித்தான் தாண்டினேன். ஓரத்து மணலில் மொபெட் சறுக்கியது. அவன் அந்தப் பக்கம் பள்ளத்தில் விழுந்தான். அவள் இந்தப் பக்கம், என் இடது பின்சக்கரத்துக்கு அடியில் விழுந்தாள். என் மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எனக்குள் கிடந்தது அந்தக் கணக்கு இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. வண்டியில் ஏறிய முதல் மாதமே சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்குச் சொன்னவர் டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொன்னார்: "மாப்ள, ஆள் அடிபட்டா நிக்காத. நின்னு பாக்காத. தூக்கப் போகாத. ஊர்க்காரன் கையில மாட்டுன, ஒன் பொண்டாட்டி தாலிய அறுத்துருவாங்க. இறங்குன கையோட போலீஸ் ஸ்டேஷனப் பாத்து ஓடு. அங்க போய் நின்னுட்டா நீ பொழச்ச." அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் டிரைவர் ஒரு பக்கம் ஓடுவான், பணப்பையோடு கண்டக்டர் இன்னொரு பக்கம் ஓடுவான். நாங்களும் அப்படியே ஓடினோம்.

ஸ்டேஷனில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். வண்டியைப் பிறகு டெப்போவுக்குக் கொண்டுவந்து, சூடம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மறுபடியும் ரூட்டில் விட்டார்கள். சஸ்பெண்ட் முடிந்ததும் என்னையும் ரூட்டில் விட்டார்கள். எனக்கு யாரும் எதையும் சுற்றவில்லை.

நஷ்டஈட்டு வழக்கில் சாட்சி சொல்லும்போது வக்கீல் கேட்டார், அந்தப் பெண் எப்போது இறந்தார் என்று. "சம்பவ இடத்திலேயே, அந்த நிமிசமே" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாயில் வந்தது. எதிரே அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். மண்டையில் அடிபட்டு, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவன். நான் சொன்னதைக் கேட்டதும் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான் என்று நான் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் மேடத்திடம் வாரா வாரம் சொன்னேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டேன், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, ஸ்டீயரிங் சூடாக இருந்ததா என்று ஒன்று விடாமல் கேட்பார். தலைக்குள் சூடேறினால் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, நான் முடித்ததும் சொன்னார்: "சார், ஒவ்வொரு தடவையும் 'இறங்குனேன், ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்'ன்னு சொல்றீங்க. இறங்குனதுக்கும் ஓடுனதுக்கும் நடுவுல என்ன பாத்தீங்க?"

"ஒன்னும் பாக்கல."

"வண்டியோட எந்தப் பக்கம் இறங்குனீங்க?"

"டிரைவர் கதவு வலப்பக்கம்."

"ஸ்டேஷன்?"

"அதுவும் வலப்பக்கந்தான்."

"அப்ப இடப்பக்கம் விழுந்த அந்தம்மா நெத்தியில குங்குமம் கலைஞ்சு, தலையில வச்ச துளசி சிதறிக் கிடந்துச்சுன்னு போன வாரம் சொன்னீங்களே, அது எப்பப் பாத்தது?"

டிக்கெட் எடுக்காமல் செக்கரிடம் மாட்டிய ஆள் மாதிரி விழித்தேன். கையிலிருந்த பாட்டில் மூடி திறந்தபடியே சரிந்தது. தண்ணீர் என் பேண்டெல்லாம் கொட்டியது. அந்த ஈரம் கணுக்காலுக்கு இறங்கியதும் எல்லாம் வந்துவிட்டது.

கண்டக்டர் அதற்குள் ஓடிவிட்டார், நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். அவள் இடுப்புக்குக் கீழே பார்க்கக் கூடாததாக இருந்தது. நெற்றிக் குங்குமம் கலைந்திருந்தது தவிர மேலே ஒன்றும் ஆகவில்லை. முகம் கழுவி வந்தது போல் இருந்தது. என்னைப் பார்த்தாள். "அண்ணே" என்றாள். கத்தவில்லை. ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மறுபடியும் "அண்ணே" என்று சொல்லி, கையை நீட்டி என் காக்கி பேண்டின் ஓரத்தைப் பிடித்தாள். ஊருக்குள்ளிருந்து ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு வருவது கேட்டது. நான் காலை உதறினேன். ஒரு தடவையில் அவள் விடவில்லை. இரண்டாவது தடவை உதறிவிட்டுத்தான் ஓடினேன்.

ஜனங்கள் வந்து பார்க்கும்போது உயிர் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சாட்சி சொன்னார்கள். அவள் உயிரோடு இருந்ததைப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

அந்த அறையில் நான் அழுத அழுகையை என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நின்னுருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டாள். பிழைத்திருக்காது என்று டாக்டரும் பிறகு சொன்னார். பிழைக்க வைக்கச் சொல்லி அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சாகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருப்பாள். கையைக் கொடுத்துக்கொண்டு அங்கே குந்தியிருப்பதற்கு என்ன படிப்பு வேண்டும்?

அடுத்த வாரம் அந்தக் கல்லைக் கயிற்றில் வைத்தேன். கோபம் குறைந்தது. ஆனால் அவள் புருஷனிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு ஆரம்பித்தது. மேடம் தடுத்தார். "அவசரப்படாதீங்க சார். அது உங்களுக்கு மருந்தா இருக்கலாம். அவருக்கு என்னவா இருக்கும்னு நாம இன்னும் பேசவே இல்ல. அடுத்த வாரம் பேசிட்டு முடிவு பண்ணுவோம்." சரி மேடம் என்றேன். இரண்டு நாள் கழித்து, ஓய்வு நாளன்று, அழகர்கோவில் பஸ்ஸில் பயணியாக ஏறிவிட்டேன். நான் எதையும் ஆறப்போடத் தெரியாத மனுஷன்.

அவள் புருஷன் கொத்தனார். வேலை இல்லாத நாள் போலிருக்கிறது, வீட்டில் இருந்தான். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீரைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பேண்டைப் பிடித்தது வரைக்கும், நான் உதறியது வரைக்கும்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கோர்ட்ல சொன்னீங்கள்ல, அந்த நிமிசமே போயிட்டான்னு."

"ஆமாப்பா. பொய்தான்."

"அந்த ஒத்த வார்த்தைய வச்சுத்தாங்க இத்தன வருசம் ஓட்டுனேன். அவ வலிய அனுபவிக்காமப் போயிட்டா, ஒன்னுமே தெரியாமப் போயிட்டான்னு எம்மககிட்டயும் அதையேதான் சொல்லி வளத்தேன். இப்ப என்ன செய்யச் சொல்றீக? ஒங்க பாரத்த எறக்கி எந்தலையில வச்சுட்டுப் போறீகளே."

"வாரேன்ப்பா" என்று எழுந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸில் எனக்குக் கண் மூடாது. அவன் பிரேக் போடுகிறானா என்று என் கால் தேடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் கண்ணை மூடியது கூடத் தெரியவில்லை. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். இத்தனை வருஷத்தில் நான் அப்படித் தூங்கியதே இல்லை. உடம்பு பஞ்சாக இருந்தது. அந்த சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

மேடத்திடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "அவரா வந்து ஏதாவது கேட்டா ஒளியாதீங்க சார். தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. தேத்துறதுக்காக ஒரு வார்த்தைகூடச் சேக்காதீங்க" என்றார்.

இருபது நாள் கழித்து அவன் வந்தான். அப்போது எனக்கு வண்டி தரவில்லை, டெப்போ வாசலில் நேரம் குறிக்கும் வேலை. வேலைக்குப் போன சட்டையோடு, சிமெண்ட் தூசியோடு வந்து நின்றான். கண் உள்ளே போயிருந்தது. நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிர்றேன். கூப்பிட்டாங்கிறீகளே. பத்தடி தள்ளிப் பள்ளத்துல நான் கெடந்திருக்கேன். என்னைய எங்கன்னு கேட்டாளா? என்னையத் தேடுனாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை வைத்து அவன் இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்டிவிடுவான். என் நாக்கு நுனியில் அது வந்து நின்றது.

"தெரியலப்பா" என்றேன். "அதக் கேக்குற வரைக்கும் நான் அங்க நிக்கல."