ஆள் கேட்டேன், ரப்பர் கொடுத்தார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே என் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அணைத்துப் போட்டேன். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே வரி.

சகோதர சகோதரிகளே, என் பெயர் எஸ்தர். மாமல்லபுரம் பக்கத்தில், கடற்கரையை ஒட்டி ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள்.

எங்கள் குப்பத்தில் இருபத்திரண்டு மீனவக் குடும்பங்கள் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை எல்லாவற்றையும் நான்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதன் பிறகு அடித்த புயலில் கடல் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து அசல் காகிதங்கள் கூழாகிவிட்டன. மிச்சம் இருந்தது அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை. வேறு எங்காவது ஒரு நகல் வைத்தேனா? இல்லை. அது என் தப்பு. யார் மேலும் போட முடியாது.

பொத்தேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் சேகர் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள மோட்டாரு பூடுச்சும்மா. சென்னைக்கு அனுப்பணும். ரெண்டு வாரம் ஆவும். நீ எதுனா நோண்டி வெச்சேன்னா அவங்களும் தொட மாட்டாங்க, சொல்லிட்டேன்."

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். "ஆண்டவரே, இதைத் தெரிந்த ஒரு ஆளை அனுப்பும்" என்று ஜெபித்தேன். புதன்கிழமை முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஒருவரும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை மறுபடியும் முழங்காலில் நின்றேன். எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. இல்லாததைச் சொல்ல மாட்டேன். அழுகை நின்றது, அவ்வளவுதான். நின்ற பிறகு யோசிக்க முடிந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரேம் பலகையின் முனை அடிக்கடி கருத்துப்போகும். அப்போதெல்லாம் நானே கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் அடியிலும் ஒரு பச்சைப் பலகை இருக்கிறதே, அதுவும் கருத்திருந்தால்?

ஆனால் பயம். தப்பாகிவிட்டால் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் கடைசி வழியும் போய்விடும். அதனால் மீன் விற்கும் தேசம்மா அக்காவைக் கூப்பிட்டேன். மனுவில் முதல் பெயர் அவருடையது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

தேசம்மா அக்கா கூடையை இறக்கி வைத்தார். "சென்னைக்கு அனுப்புனா வெள்ளிக்கெழமக்குள்ள வருமா?"

"வராதுக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுதுகினு கீற? ஒன் சாமியக் கும்புட்டுக்கினு தொற. நானும் எங்க அம்மன வேண்டிக்கிறேன். எது நடந்தாலும் குப்பத்துல நான் பேசிக்கிறேன்."

பக்கத்து மொபைல் கடையில் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்தேன். மூடி சீல் வைத்த பகுதியை நான் தொடவில்லை. அடியில் இருந்த ஆறு சின்னத் திருகாணிகளை மட்டும் கழற்றி, பச்சைப் பலகையைத் தூக்கினேன். அதன் பின்பக்கத்தில் மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும், பளபளவென்று இருக்க வேண்டிய புள்ளிகள் எல்லாம் கருத்து, பச்சை பூத்துக் கிடந்தன. "தேவனே" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு புள்ளியாக ரப்பரால் தேய்த்தேன், துகளை ஊதினேன், மறுபடியும் முடுக்கினேன்.

மாட்டி, சுவிட்சைப் போட்டேன். விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு. சுற்ற ஆரம்பித்துவிட்டது! திரையில் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சந்தோஷப்படக்கூட நான் நிற்கவில்லை. முதலில் பென் டிரைவில் நகல் எடுத்தேன். ஒரு குடும்பத்தின் ரசீது மட்டும் வராமல் அடம்பிடித்தது. மூன்றாவது முறை அதுவும் வந்தது. இருபத்திரண்டு குடும்பங்களின் காகிதங்களும் வந்துவிட்டன. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் மேலும் மீன் வாசனை.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில், நான் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனதை அதிகாரி ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யார் வெச்சது?" என்றார்.

"எங்க எஸ்தரு" என்றார் தேசம்மா அக்கா, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி. சில மாதங்களில் எல்லாருக்கும் பட்டா வந்தது.

இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். என் ஆண்டவரைப் பற்றிய பெருமை. அவர் எனக்குத் தந்த கையைப் பற்றிய பெருமையும்கூட. இன்று சேகர் அண்ணனே, "எஸ்தரு, இதக் கொஞ்சம் பாரேன்" என்று ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டுவந்து தருகிறார். முன்பு எது பழுதானாலும் யாராவது ஆண்பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பேன். இப்போது நானே திறக்கிறேன். ஜெபித்துவிட்டுத் திறக்கிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு நகலும் எடுத்து வைக்கிறேன்.

கேட்ட உதவி வாசலில் வந்து நிற்கவில்லை என்று மனம் உடைந்திருக்கிறீர்களா? ஆண்டவர் உங்கள் ஜெபத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை அவரிடம் கேளுங்கள். பிறகு பயப்படாமல் எழுந்து உங்கள் கையை வேலையில் வையுங்கள். கூடவே இருப்பார்.