சின்னண்ணன் கையும் ஒரு பிடி அரிசியும்

சென்ற ஆண்டு சின்னண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வாய்க்கரிசி போட வந்த ஒருவருடைய கையை நான் தட்டிவிட்டேன். அரிசி தரையெல்லாம் சிதறியது. அதை நேரில் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். மற்றவர்கள் அவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் பரிந்து பேசினார்களாம். பரிந்து பேசியவர்களுக்கு நன்றி. என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

கை தட்டப்பட்டவர் பெரியண்ணனின் மகன். ஏன் தட்டினேன் என்று ஒரு வருடமாக உறவு முழுக்கக் கேட்டுவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. "முதல் வருச நினைவுக்கு மலர் போடுறோம் அத்தை. அப்பாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை நீங்கதான் எழுதணும்" என்று சின்னண்ணனின் ஒரே மகள் என்னிடம் நோட்டைக் கொடுத்தாள். எழுதுகிறேன். நல்லதும் இதில் இருக்கிறது.

சின்னண்ணன் விக்கிரமங்கலத்தில் பிறந்தார். நாங்கள் மூன்று பேர். மூத்தவர் பெரியண்ணன், அடுத்து சின்னண்ணன், பல வருடம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி நான். நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா போய்விட்டார். நிலம் நீச்சு, நெல் குதிர்ச் சாவி, எங்கள் தலையெழுத்து எல்லாம் பெரியண்ணன் இடுப்புக்குப் போயின. படிப்பில் கெட்டிக்காரரான சின்னண்ணனை அம்மாதான் பிடிவாதமாக அரியலூருக்கும், பிறகு திருச்சிக்கும், கடைசியில் கல்கத்தாவுக்கும் அனுப்பினார்கள். அங்கே அவர் படித்தது பல் மருத்துவம். அந்தச் செய்தி வந்த அன்று பெரியண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"டாக்டருக்குப் படிக்கிறேன்னு போனவன் பல்லுப் புடுங்குறவனா வரப்போறான். நம்ம வூட்டுல எவனாவது ஊரான் எச்சில்ல கை வச்சிருக்கானா?"

படிப்பு முடிந்தபோது யுத்தம் உச்சத்தில் இருந்தது. பட்டாளத்துக்குப் பல் டாக்டர்கள் வேண்டியிருந்ததால் சின்னண்ணன் சேர்ந்துகொண்டார். பர்மா எல்லையில் ஒரு கூடாரத்தில் வேலை. சொத்தைப் பல்லைவிட உடைந்த தாடைதான் அங்கே அதிகம் வந்ததாம். குண்டுச் சிதறல் பட்டு வாய் கிழிந்து வந்த சிப்பாய்களுக்குத் தாடையைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேற்றி அனுப்புவார். "எச்சில், சாதின்னு பாத்துக்கிட்டு இருந்தா அங்க பாதிப் பேரு பட்டினியா செத்திருப்பான், பாப்பா" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

யுத்தம் முடிந்து அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவர் கேப்டன். ஒரு டிரங்குப் பெட்டி, மடக்கு நாற்காலி, காலால் மிதிக்கும் டிரில், கருவிகள் வைக்கும் தட்டையான தகர டப்பா ஒன்று. இவைதான் அவருடைய ஆஸ்தி.

வந்த மூன்றாம் நாள் நடந்த ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரியண்ணன் களத்துமேட்டுக்குப் போயிருந்த நேரம். அம்மா சின்னண்ணனைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார்கள்.

"மாசக்கணக்கா இந்தக் கடவாப்பல்லு என்னத் தின்னுது. உன் பட்டாளத்துக் கையால எடுத்து வுடுடா சாமி. பெரியவனுக்குத் தெரிய வேணாம்."

சின்னண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். நான் செம்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா வாயைத் திறந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் பல் வெளியே வந்துவிட்டது. வாய் கொப்புளித்து முடித்ததும் அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் கையி நல்லா இருக்கணும்" என்றார்கள். இது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

மறு வருடம் அம்மா காலமானார்கள். எங்கள் வழக்கத்தில் பாடை கிளம்புவதற்கு முன்பு வீட்டிலேயே ஆண், பெண் எல்லோரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டுவிடுவோம். பெரியண்ணன் போட்டார். அடுத்தவர் சின்னண்ணன். கையில் அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தார். பெரியண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"நில்லுடா. கண்டவன் எச்சிலத் துழாவுன கையி இது. ஆத்தா வாயில இது படக் கூடாது."

கூடம் நிறைய ஆள். பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். சின்னண்ணன் நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார். "அந்தக் கை ஏற்கெனவே ஆத்தா வாயில் பட்டாயிற்று, ஆத்தாவே கேட்டுப் பட்டது" என்று சொல்ல அங்கே என் ஒருத்தியால்தான் முடியும். எனக்கு அப்போது பதினாறு வயது. பெரியண்ணன் வீட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, என் முறை வந்ததும் அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சின்னண்ணன் அந்தப் பிடி அரிசியை மூடிய கையோடு வெளியே கொண்டுபோனார். தகர டப்பாவில் கொட்டி, வண்டு வராமலிருக்க நாலு கிராம்பைப் போட்டு மூடினார். "இது இருக்கட்டும், பாப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

காரியம் முடிந்ததும், பட்டாளத்துக்கே திரும்பிப் போகும் நினைப்பை விட்டுவிட்டு, அரியலூருக்குப் போய்த் தொழில் தொடங்க இடம் தேடினார். பெரியண்ணனின் சொல் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. எச்சில் வைத்தியத்துக்கு இடமில்லை என்று கடைத்தெருவில் ஒருவர் மாற்றி ஒருவர் கைவிரித்தார்கள். கடைசியில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து அங்கே துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் தன் கடை மாடியைத் திறந்துவிட்டார்.

"நாங்க அஞ்சு வேளையும் வாயக் கொப்புளிச்சுட்டுத்தான் தொழுவுறோம், டாக்டர் தம்பி. வாயச் சுத்தம் பண்ற கையி எப்படி அசுத்தமாவும்? நீங்க பலகைய மாட்டுங்க. இன்ஷா அல்லாஹ் கூட்டம் தானா வரும்."

கூட்டம் லேசில் வரவில்லை. ரயில்வே ஆட்களும் பஸ் டிரைவர்களும் வந்தார்கள். நிலபுலம் உள்ளவர்கள் யாரும் மாடி ஏறவில்லை. பெரியண்ணனைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தலைவிதி? சந்தை நாளில் சின்னண்ணன் மடக்கு நாற்காலியை, அந்தக் காலத்தில் அடுப்புக்கரி வாயுவில் ஓடிய கரி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போவார். சந்தைக்கு ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நாற்காலியை விரித்து டிரிலை மிதிப்பார். "பட்டாளத்துக்காரரு தையல் மிஷின்ல பல்லு தைக்கிறாரு" என்று சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். வேடிக்கை பார்த்தவர்களில் வலி தாங்காதவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள்.

பெரியண்ணனுக்கு வெற்றிலையும் புகையிலையும் உயிர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் ஈறெல்லாம் சீழ் பிடித்து, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. நாட்டு மருந்து எதுவும் கேட்கவில்லை. ஒரு சந்தை நாளில், தலையிலிருந்து தாடைவரை துண்டைச் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். சின்னண்ணன் துண்டை விலக்கினார்.

"யாருண்ணே, நீங்களா? இது எச்சிக் கையாச்சே. பரவால்லையா?"

பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வலிக்கு முன்னால் வீறாப்பு எந்த மூலைக்கு?

மிச்சமிருந்த பல்லையெல்லாம் நாலு தவணையில் சின்னண்ணன் எடுத்தார். வைத்தியத்தில் அவர் பழி வாங்கவில்லை. மருந்து போட்டு, மரத்துப்போக வைத்து, பச்சைக் குழந்தையைத் தொடுவது போலத்தான் தொட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. புண் ஆறியதும் மெழுகு வைத்து அச்செடுத்தார். கந்தகம் கலந்த ரப்பரை வேகவைத்து ஈறு செய்து, அதில் பீங்கான் பல் பதிக்கும் காலம் அது. மண்ணெண்ணெய் அடுப்பில் அது வேகும்போது பாயின் துணிக்கடை வரைக்கும் நாறும். பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே பல்செட்டு தயார். கொடுத்துவிடு என்று பெரியண்ணன் ஆள் மேல் ஆள் அனுப்பினார். "மொத தடவ நான்தான் மாட்டணும். தானா போட்டா வாய் புண்ணாப் போவும். கல்யாணத்தன்னிக்கு நானே கொண்டாறேன்" என்று சொல்லி அனுப்பினார் சின்னண்ணன். சுத்தப் பொய். வேறு யாருக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அழைப்பில்லாத கல்யாணத்துக்கு அழைப்பை அப்படித்தான் வாங்கினார்.

அன்று காக்கிச் சட்டையில் நட்சத்திரம் மின்ன, தகர டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை விழும் நேரம். பெரியண்ணன் பொக்கை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"உள்ள வாடா, ரூமுல வச்சுக்கலாம்."

"ரூமுல வெளிச்சம் பத்தாதுண்ணே. இங்கதான் நல்லா இருக்கு. உக்காருங்க."

சம்பந்திகள், பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் சோப்புப் போட்டு நிதானமாகக் கை கழுவினார். டப்பாவைத் திறந்தார். ஒரு பக்கம் பல்செட்டு. இன்னொரு பக்கம் ஒரு பிடி அரிசியும் நாலு கிராம்பும். பெரியண்ணனுக்குத் தெரிகிறபடி அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டினார்.

"வாயத் தொறங்க."

திறந்தார். அந்தக் கை, எல்லோர் கண் முன்னாலும், உள்ளே போனது. மேலே ஒன்று, கீழே ஒன்று.

"கடிங்க. இன்னும் நல்லாக் கடிங்க. எச்சிக் கையி உறுத்துதாண்ணே?"

பெரியண்ணன் கண்ணில் தண்ணீர் வழிய, இல்லையென்று தலையாட்டினார். பந்தலில் ஒருவர் சிரித்தது கேட்டது. அது நான்தான்.

பிறகு சின்னண்ணன் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் எழுந்து போகவில்லை. மறுவாரமே சம்பந்தி வீட்டார் பாய் கடை மாடி ஏறினார்கள். அவர்கள் பின்னால் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பண்ணைவீடுகளெல்லாம் வந்தன. அரியலூரில் 'கேப்டன் டாக்டர்' ஆஸ்பத்திரி நிலைத்தது இப்படித்தான். பெரியண்ணன் சாகும்வரை அந்தப் பல்லால்தான் சோறு தின்றார், அந்தப் பல்லோடுதான் எரிந்தார். செய்தது தப்பு என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

சின்னண்ணனின் கடைசி நாட்களில் வலது கை விழுந்துவிட்டது. அத்தனை வாய்க்குள் போய் வந்த கை, ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் மடியில் கிடந்தது. ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்த டப்பாவ எடுத்து வையி, பாப்பா. எனக்கு அதத்தான் போடணும். அண்ணன் மவன் வந்தான்னா அவனையும் போட வுட்டுடு. என் கோவம் அந்தப் பந்தல்லயே போயிடுச்சு."

சரியென்று தலையாட்டினேன். டப்பா அரிசியில் பாதியை முதல் ஆளாக அவர் வாயில் நான் போட்டேன். கிராம்பு வாசனை அப்போதும் போகவில்லை. அவர் சொன்ன இரண்டில் அந்த ஒன்றைத்தான் செய்தேன். அவர் கோபம் போயிருந்தது. என் கோபம் எங்கே போகும்? பந்தலில் அவர் தன் பழியைத் தீர்த்துக்கொண்டார். கூடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த நான் எதைத் தீர்த்தேன்? பேரன் கொள்ளி வைத்தான், காரியம் குறைவில்லாமல் நடந்தது. அந்த வீட்டுக் கை மட்டும் என் அண்ணன் வாயில் படவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மாடியைத் திறந்துவிட்ட பாய்க்கும், துக்கத்துக்கு முதல் வண்டியில் வந்து இறங்கிய அவர் பிள்ளைகளுக்கும். நாற்காலியைக் கூரையில் ஏற்றி இறக்கிய பஸ்காரர்களுக்கும். கடைசி மாதங்களில் கஞ்சி ஊட்டிய என் சின்னண்ணிக்கும், பெரம்பலூரிலிருந்து வந்து பார்த்துப் போன டாக்டருக்கும். பெரியண்ணனுக்கும் ஒரு நன்றி. அம்மா சாவன்று அவர் அந்தக் கையைப் பிடித்திராவிட்டால் சின்னண்ணன் பட்டாளத்திலேயே இருந்திருப்பார், எங்கள் பக்கத்துச் சனம் சொத்தைப் பல்லோடு அழுதிருக்கும்.

கடைசியாக, பெரியண்ணன் மகனே, என் மருமகனே, உனக்கு. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். உன் அப்பா சொல்லாமல் போனதை நீ சொல்லலாம். நினைவு நாள் பந்தியில் எழுந்து நின்று, 'எங்கப்பா செஞ்சது தப்பு, எங்க சித்தப்பா கையி சுத்தமான கையி' என்று ஒரே ஒரு தடவை சொல். எத்தனையோ வருடம் பேசாமல் இருந்த நானே இன்று அச்சில் பேசிவிட்டேன், உனக்கென்ன? சொன்னாயானால் டப்பாவில் மிச்சமிருக்கும் பாதிப் பிடியை என் நாள் வரும்போது நீயே உன் கையால் எனக்குப் போடு. சொல்ல மனம் வராவிட்டால் அன்று என் பக்கம் வராதே. என் வாயில் இன்னும் இருபத்தோரு பல் இருக்கிறது, அத்தனையும் சின்னண்ணன் காப்பாற்றிக் கொடுத்தவை. கடித்துக்கொண்டு படுத்தேனானால் உன்னால் திறக்க முடியாது.