பரிசீலனைக்குப் போய் வந்தோம்

எங்கள் எம்.எல்.ஏ. இப்போதெல்லாம் தொகுதியில் நடந்த வேலைகளைச் செல்போனிலேயே அனுப்பிவிடுகிறார். எந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழும்பியது, சட்டசபையில் நமக்காக என்ன கேட்டார் என்று வரிசையாக வரும். போன வாரம் மருமகள் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெரு மழைநீர்க் கால்வாய் பற்றிய வரி வந்ததும் "பரிசீலனையில் உள்ளது" என்று முடித்தாள். நான் சிரித்துவிட்டேன். ஏன் அத்தை என்று கேட்டாள். எனக்கு வாயில் சட்டென்று வராது. நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விட்டேன். பேச வராததை எழுதிப் பார்க்கிறேன்.

நான் சின்னவளாக இருந்தபோது மந்தைவெளிக்கு அப்பால், கால்வாய்க் கரையில் எங்கள் குடிசை. அங்கே குழாய் கிடையாது. பெரிய தெருவில் இருந்த ஒரே குழாய்க்குத்தான் போக வேண்டும். அந்தத் தெருக்காரர்கள் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குடங்கள் நகரும். அம்மா விடிந்ததும் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். அதனால் வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காக அக்காவை ஒன்றாவதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் போன பிறகு குடத்தோடு நிற்கப்போவது நான்தான் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்து எம்.எல்.ஏ. நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்தது. தொகுதியில் என்னென்ன செய்தார் என்று வருஷத்துக்கு ஒருமுறை அச்சடித்துக் கொடுப்பார். எங்கள் குடிசை வரிசையில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அன்பார்ந்த தொகுதி மக்களுக்கு" என்று ஆரம்பித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையில் குழாயடியில் எங்களைத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்கிறவர்களும் தொகுதி மக்கள்தான், நாங்களும் தொகுதி மக்கள்தான். அவ்வளவு பேரையும் ஒரே வார்த்தையில் ஒரு மனிதர் அன்பார்ந்தவர்கள் என்று அச்சில் கூப்பிட்டிருந்தார்.

கடைசிப் பத்தியில் நாங்கள் இருந்தோம். கால்வாய்க் கரை மக்களுக்குக் குடிநீர்க் குழாய், பரிசீலனையில் உள்ளது.

"எங்க கீதாம்?" என்றாள் அம்மா.

"பரிசீலனைல கீதாம்."

மயிலாப்பூரில் உள்ளது என்றால் மயிலாப்பூர் ஓர் இடம். கிண்டியில் உள்ளது என்றால் கிண்டி ஓர் இடம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மற்றவர்களுக்கும் வரவில்லை. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அம்மாவின் தம்பியான அவர் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். பட்டணத்தில் தனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று நாளுக்கு ஒருமுறையாவது சொல்லுவார்.

"இன்னா நைனா, முழிக்கிறே? உனக்கே தெரியாத ஊரா?" என்று பக்கத்து வீட்டு ஆயா சீண்டினாள்.

"தெரியாம இன்னா ஆயா. கிண்டியாண்ட கீது. சவாரியே போய்க்கீறேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம என்னியும் இட்டுக்கினு போ. கண்ணால பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள் அம்மா. மாமாவால் பின்வாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ரிக்‌ஷாவில் அம்மாவும் நானும் அடையாறு பாலம் தாண்டி, காட்டு ஓரமாகவே போனோம். வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் நின்றன. வழியெல்லாம் மாமாவுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. கடை கண்ட இடத்தில் எல்லாம் இறங்கி, எங்களுக்குக் கேட்காமல் ஏதோ விசாரித்துவிட்டு வருவார். கிண்டிக்குப் போன பிறகும் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு பெரிய இரும்பு கேட்டுக்கு முன்னால் சடாரென்று பிரேக் போட்டு, "இதான்" என்றார்.

உள்ளே பார்த்தேன். குழாய்கள். நான் நின்று நுழையக்கூடிய குழாய்கள், என் கைக்குள் அடங்குகிற குழாய்கள், பனைமரம் உயரத்துக்கு அடுக்கி அடுக்கி, கண்ணுக்கு எட்டின மட்டும். வெயில் அவற்றின் வாய்களில் எல்லாம் வட்ட வட்டமாக உட்கார்ந்திருந்தது. பட்டணத்துக்கு வரப்போகிற தண்ணீர் முழுக்க இதன் வழியாகத்தான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் கோபுரத்தைக்கூட நான் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. மாமாவுக்கும் வாய் பிளந்திருந்தது. தான் சொன்ன பொய் இப்படி நிஜமாகி நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இன்னாம்மா வேணும்?"

"எங்க கொழா இங்க கீதுன்னு போட்டுக்கீறாங்க" என்று அம்மா முந்தானையில் முடிந்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அம்மாவைப் பார்த்தார். ரிக்‌ஷா மேல் சாய்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அம்மாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்ததும், எது நம்முடையது என்று நான் கேட்டேன். அவள் நோட்டீஸைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "நீயே பாத்து எடு" என்றாள். காவல்காரர் திறந்துவிட்ட கேட்டுக்குள் போய், நான் துருப்பிடிக்காத ஒன்றாகப் பார்த்து, கைக்கு அடங்குகிற ஒரு குழாயைக் காட்டினேன். அம்மா தன் புடவைக் கரையில் விரலளவு கிழித்து அதில் கட்டினாள். காவல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தின மாதம் எம்.எல்.ஏ. நேரிலேயே வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் மேசை போட்டு, மாலையும் கழுத்துமாக, செய்ததையெல்லாம் ஒலிபெருக்கி வைத்து வாயால் சொன்னார். அவ்வளவு பெரிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முடித்துவிட்டு, யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மா எழுந்தாள். வேற்று ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள்.

"ஐயா, நாங்க பரிசீலனைக்குப் போய்ட்டு வந்தோம். எங்க கொழா அங்கதான் கீது. சும்மாதான் படுத்துக்கினு கீது. பொடவையக் கிழிச்சி அடையாளம் கட்டிட்டு வந்துக்கீறேன். இட்டாற வண்டி இல்லேன்னா சொல்லுங்க, எந் தம்பியாண்ட ரிக்‌ஷா கீது."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். பெரிய தெருக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்ன, மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எம்.எல்.ஏ.வும் முதலில் சிரித்தார். அம்மா உட்காராமல் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் எங்கள் குழாயைப் பற்றிய தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "நானே இட்டாந்துர்றேம்மா" என்றார், ஒலிபெருக்கி இல்லாத குரலில்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் எங்கள் வரிசையின் முனையில் குழாய் வந்தது. ஆயா கற்பூரம் ஏற்றினாள். நான் அந்தக் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து புடவைத் துணியைத் தேடினேன். காணவில்லை. வழியில் அவிழ்ந்து விழுந்திருக்கும் என்றாள் அம்மா. அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ஐந்தாவது முடியும் வரைக்கும்.

ஐந்தாவதில் ஒருநாள் அந்த வார்த்தைக்கு வாத்தியார் அர்த்தம் சொன்னார். பரிசீலனை ஊரே இல்லை, யோசித்துப் பார்ப்பதாம். மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். குழாயடியில் குடம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும். அந்த வாச்மேன் அன்னிக்கே சொல்லிட்டாரு. மாமாவாண்ட சொல்லிக்கினு கெடக்காத, பாவம்."

தெரிந்துகொண்டேவா அத்தனை பேர் எதிரில் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரே சிரித்ததே என்றேன். அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திருகினாள்.

"சிரிச்சாங்க. தண்ணி வருதுல்ல? போ, போய்ப் படி."

ரொம்ப நாள் எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அந்தக் கரையில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மைதானத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் என்னால் எழுத்துக்கூட்ட முடியவில்லை.